கோட்டு, டை, கைகட்டிய போஸ்: இதற்குப் பெயர் தலைமைக் குழுவாம்!

முதலீட்டு ஆலோசனை தருகிறோம் என்று சொல்லும் ஏதாவது ஒரு கம்பெனியின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருக்கும். அதற்குள் 'எங்கள் தலைமைக் குழு' என்று இன்னொரு பக்கம். ஆறு பேரோ எட்டு பேரோ வரிசையாக இருப்பார்கள். எல்லாருக்கும் கோட்டு. எல்லாரும் கைகட்டி நிற்பார்கள். (நம்ம ஊரில் கைகட்டி நின்றால் பணிவு. அங்கே கைகட்டி நின்றால் அதிகாரம். என்ன கணக்கோ!)

படத்துக்குக் கீழே ஒரு பத்தி. இருபது வருட அனுபவம், தொலைநோக்குப் பார்வை, வாடிக்கையாளர் நலனே மூச்சு, ஓய்வு நேரத்தில் மாரத்தான் ஓடுவார், இரண்டு பெண் குழந்தைகளின் அன்பான அப்பா. படித்து முடித்தால் நமக்கே அவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று தோன்றும். ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறோம் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் பணத்தைக் கையாளுகிறவன் தன்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ, அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நாம் கேள்வி கேட்காமல் இருப்பதற்காகவே எழுதப்பட்ட பக்கம் அது. அதைப் படித்து நம்புவதும், ஜாதகத்தில் பெண் வீட்டார் எழுதிக் கொடுத்த ராசியை மட்டும் பார்த்துப் பொருத்தம் சொல்வதும் ஒன்றுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் இருப்பது வானகரம். சென்னைக்காரர்களுக்கே பைபாஸ், மீன் மார்க்கெட், அப்பல்லோ என்று மூன்று அடையாளம் சொன்னால்தான் புரியும். ஆனால் 2022 ஜூலை 11 அன்று தமிழ்நாடே எங்கள் ஊரைப் பார்த்தது. அதிமுக பொதுக்குழு இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில்தான் நடந்தது. எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனதும், ஓ. பன்னீர்செல்வம் நீக்கப்பட்டதும் இங்கேதான். யார் தலைவர், எந்த விதியின்படி தலைவர், யார் கையெழுத்து செல்லும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டீக்கடையில் எல்லாரும் கட்சி விதியைப் பற்றி வக்கீல் மாதிரிப் பேசினார்கள். அதே டீக்கடைக்காரர்கள், ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை ஒரு கம்பெனியிடம் கொடுக்கும்போது, "உங்க தலைமை யாருங்க, அவருக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

எங்கள் பக்கத்துப் பணம் எப்படிப்பட்ட பணம் என்று யோசியுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. ஆவடியில் டேங்க் பேக்டரி. இங்கே முப்பது வருடம் லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்றவர்களுக்கு வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் பெரிய பணம் கைக்கு வரும். பி.எஃப்., கிராஜுவிட்டி. அது பேங்குக்கு வந்த வாரமே ஏஜெண்ட் வீட்டுக்கு வந்துவிடுவார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு அப்படித்தான் நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். வழவழ காகிதத்தில் புத்தகம் கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே தலைமைக் குழு. 4 லட்சம் போட்டார். நான்கு மாதம் வட்டி வந்தது. அப்புறம் ஆபீசுக்குப் பூட்டு. என்னிடம் பத்திரத்தைக் காட்டி, "தம்பி, நீ காமர்ஸ்தானே படிக்கிற, இதுல கையெழுத்து போட்டிருக்கறது யாருன்னு பாரு" என்றார். பார்த்தேன். 'அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்' என்று ரப்பர் ஸ்டாம்பு. மேலே ஒரு கிறுக்கல். பெயர் இல்லை. புத்தகத்தில் கோட்டு போட்டு நின்ற எட்டு பேரில் ஒருவர்கூடக் கையெழுத்து போட்டிருக்கவில்லை. அவர்கள் யாரும் அவருக்குப் போனில் கிடைக்கவும் இல்லை. கிடைத்தது ஒரே ஆள், அவரைச் சேர்த்துவிட்ட பையன். அந்தப் பையன் அவருடைய தங்கை மகன். இப்போது அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

தலைமைக் குழு என்ற சொல்லுக்கு நான் புரிந்துகொண்ட அர்த்தம் இதுதான். லாபம் வரும்போது முகம் காட்டுவார்கள். நஷ்டம் வரும்போது தங்கை மகனைக் காட்டுவார்கள்.

இது எங்கள் தெருக் கதை. ஊர் கதையைப் பார்ப்போம். வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராகப் போனால் அமைந்தகரை. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் வழக்குப் போட்டது. போலீஸ் சொன்ன கணக்கு: சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய். சொல்லப்பட்ட வட்டி மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம். வருடத்துக்கு இல்லை சாமி, மாதத்துக்கு!

பி.காம். முதல் வருடக் கணக்கு போதும். 25 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2,438 கோடிக்கு மாதம் 600 கோடிக்கு மேல் வட்டி தர வேண்டும். எந்த நகைக்கடை, எந்தத் தங்க வியாபாரம் மாதம் 600 கோடி லாபம் தரும்? புதிதாக வருகிறவன் பணத்தை எடுத்துப் பழையவனுக்குக் கொடுத்தால் மட்டும்தான் முடியும். புதியவன் வருவது நின்ற அன்று கடை மூடும்.

அதே 2022ல் காட்பாடி எல்.என்.எஸ். இன்டர்நேஷனல் ஃபைனான்ஷியல் சர்வீசஸ். பெயரைப் பாருங்கள், காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு 'இன்டர்நேஷனல்'. மாதம் 6 முதல் 10 சதவீதம், சுமார் 6,000 கோடி என்பது போலீஸ் தரப்பு. ஹிஜாவு, மாதம் 15 சதவீதம், 4,000 கோடிக்கு மேல். இவையெல்லாம் போலீஸின் குற்றச்சாட்டுகள்; தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் பணம் போட்டவன் வீட்டில் அடுப்பு எரியாததற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் புதுசா என்றால் அதுவும் இல்லை. 90களில் நிதி நிறுவனங்கள் வரிசையாக விழுந்துதான் 1997ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே, 1998ல், அனுபவ் தேக்குத் தோட்டம் கவிழ்ந்தது. 2019ல் மத்திய அரசும் முறைப்படுத்தப்படாத டெபாசிட்களைத் தடை செய்யும் சட்டம் போட்டது. மூன்று வருடத்தில் ஆருத்ரா. சட்டம் ஒரு பக்கம் வளர்கிறது, நம் கூச்சம் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் சில நண்பர்கள் சொல்வார்கள்: "அதெல்லாம் படிக்காதவன் பேராசை மச்சி. பெரிய நிறுவனம், நல்ல போர்டு, ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆட்கள் இருந்தால் இப்படி நடக்காது."

அப்படியா? ஐ.எல்.&எஃப்.எஸ். என்று ஒரு நிறுவனம். 1987ல் தொடங்கியது. உள்கட்டமைப்பு முதலீட்டில் நாட்டிலேயே பெரிய பெயர். கடலூர் மாவட்டத்தில் அனல் மின் நிலையம்கூட வைத்திருந்தார்கள். கால் பங்குக்கு மேல் எல்.ஐ.சி.யுடையது. ஜப்பான்காரனின் ஓரிக்ஸ், அபுதாபி அரசின் முதலீட்டு ஆணையம் எல்லாம் பங்குதாரர்கள். போர்டில் உட்கார்ந்திருந்தவர்களின் தகுதிப் பட்டியலை அச்சடித்தால் கல்யாணப் பத்திரிகையில் இடம் போதாது. விழுவதற்குச் சில வாரம் முன்புவரை உச்சபட்ச தர மதிப்பீடு. 2018 செப்டம்பரில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றார்கள். கடன் சுமார் 91,000 கோடி. அக்டோபர் 1ஆம் தேதி மத்திய அரசு போர்டையே தூக்கிவிட்டுப் புதிய போர்டு போட்டது.

அப்போது அரசு தரப்பு சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. அந்த நிறுவனத்தில் அபாயங்களைக் கவனிக்க என்றே ஒரு கமிட்டி இருந்தது. 2015க்கும் 2018க்கும் நடுவில் அது கூடியது ஒரே ஒரு தடவை. எங்கள் காலேஜ் தமிழ் மன்றமே வருடத்துக்கு மூன்று தடவை கூடும், அதுவும் சமோசாவுக்காக!

கவனியுங்கள். ஆருத்ரா ஒரு முனை, ஐ.எல்.&எஃப்.எஸ். மறு முனை. முன்னது மாதம் 30 சதவீதம் என்று ஆசை காட்டியது. பின்னது ஆசையே காட்டவில்லை, வெறும் மரியாதையைக் காட்டியது. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் பணம் போட்டவன் செய்த வேலை ஒன்றுதான்: ஆட்களின் தோற்றத்தைப் பார்த்துவிட்டு, ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டது.

அடுத்து, 'ஆலோசனை' என்ற சொல். இந்தியாவில் காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கு 2013லேயே விதி இருக்கிறது. பதிவு செய்த ஆலோசகருக்கு, வாடிக்கையாளர் நலனைத் தன் நலனுக்கு மேலே வைக்கும் சட்டப்பூர்வக் கடமை உண்டு. கம்பெனியாக இருந்தால் அதற்கென்று ஒரு முதன்மை அதிகாரி பெயர் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். உறுதியான லாபம் என்று வாயைத் திறக்கக்கூடாது.

நடைமுறை? நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஆப்ஷன்ஸ் முகம் பி.ஆர். சுந்தர். பதிவு இல்லாமல் ஆலோசனை வழங்கினார்கள் என்ற விவகாரத்தில் அவரும், அவரோடு நிறுவனத்தை நடத்திய இன்னொருவரும், மான்சன் கன்சல்டன்சி நிறுவனமும் 2023 மே மாதம் செபியோடு சமரசம் செய்துகொண்டார்கள். வட்டியோடு 6 கோடிக்கு மேல் திருப்பித் தருவது, தலைக்கு 15.6 லட்சம் சமரசத் தொகை, ஒரு வருடம் பங்குச் சந்தைப் பக்கம் வருவதில்லை என்று ஏற்பாடு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சமரச முறையே அப்படித்தான். என் கேள்வி அவரைப் பற்றியது இல்லை, நம்மைப் பற்றியது. அவர் வீடியோவைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். அதில் எத்தனை பேர் செபி தளத்தில் போய் பெயரைத் தேடினோம்? இரண்டு நிமிட வேலை. இலவசம்.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் கும்மிவிடுவீர்கள். பெரிய இடத்தில் தப்பு நடந்தால் பணம் எல்லாமே போய்விடும் என்று இல்லை. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 2020 ஏப்ரல் 23 அன்று ஆறு கடன் திட்டங்களை ஒரே ராத்திரியில் மூடியது. சுமார் 25,000 கோடி முடங்கியது. (இந்த நிறுவனம் 2002ல் வாங்கிய ஃபண்டு நிறுவனம், 1993ல் நம் சென்னையில் கோத்தாரி பயனியர் என்று தொடங்கியது. தனியார் மியூச்சுவல் ஃபண்டு என்றால் இந்தியாவிலேயே அதுதான் முதல்.) சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் அமைப்பு உட்படப் பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். பணம் போட்டவர்களின் சம்மதம் கேட்காமல் மூட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு எஸ்.பி.ஐ. ஃபண்டு நிறுவனத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மூடிய அன்று இருந்ததைவிடக் கூடவே வந்தது.

ஆருத்ராவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலைமைக் குழுவின் கோட்டு இல்லை. ஒழுங்குமுறை இருந்தது, கணக்கு இருந்தது, கோர்ட்டுக்குப் போகக்கூடிய உரிமை இருந்தது. நம்மைக் காப்பாற்றியது காகிதம், முகம் இல்லை. என் வாதத்துக்கு எதிராகக் கொண்டுவந்த உதாரணமே என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது பாருங்கள்!

அந்த அனுபவத்துக்கு அடுத்த வருடம், 2021ல், செபி ஒரு நல்ல விதி போட்டது. மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் முக்கிய அதிகாரிகள் தங்கள் சம்பளத்தில் 20 சதவீதத்தைத் தாங்கள் நடத்தும் திட்டங்களிலேயே போட வேண்டும், மூன்று வருடம் எடுக்க முடியாது. ஓட்டல் முதலாளி அவர் ஓட்டலிலேயே சாப்பிட வேண்டும் என்கிற மாதிரி. கேட்கவே நன்றாக இல்லை? 2025ல் சம்பள அளவுக்கு ஏற்ப அதைத் தளர்த்திவிட்டார்கள். கீழ்மட்ட ஊழியருக்குத் தளர்த்தியது நியாயம்தான். ஆனால் உச்சியில் இருப்பவருக்குச் சதவீதத்தைக் கூட்டியிருந்தால்தான் நான் கைதட்டியிருப்பேன்.

சும்மா திட்டிவிட்டுப் போவது சுலபம். ஒரு தலைமைக் குழுப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? என் பட்டியல்:

1. செபி பதிவு எண், அது யார் பெயரில், முதன்மை அதிகாரி யார். முகப்பிலேயே, பெரிய எழுத்தில்.

2. ஒவ்வொருவருக்கும் வருமானம் எங்கிருந்து. நான் கொடுக்கும் கட்டணமா, பொருளை விற்றால் வரும் கமிஷனா? வைத்தியருக்கு மருந்துக் கடையிலிருந்து சம்பளம் வருகிறது என்றால் அதை நோயாளி தெரிந்துகொள்ள வேண்டாமா?

3. சொந்தப் பணம் எங்கே போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லும் திட்டத்தில் அவர் ஒரு ரூபாயாவது போட்டிருக்கிறாரா?

4. இதற்கு முன் எந்தெந்தக் கம்பெனியில் இயக்குநர், அதில் மூடியவை எத்தனை, அவர் மேல் வந்த உத்தரவுகள் என்ன. வெற்றிகளை மட்டும் எழுதினால் அதற்குப் பெயர் வாழ்த்துமடல்.

5. என் பத்திரத்தில் கையெழுத்து போடுகிறவர் யார், அவருடைய முழுப் பெயர் என்ன.

"சின்ன கம்பெனிப்பா, இதெல்லாம் எழுத இடம் ஏது?" என்று கேட்கிறவர்களுக்கு: மாரத்தானுக்கு இடம் இருந்ததே ஐயா, அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

அவர்கள் எழுதாவிட்டால் நாமே பார்க்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் அது எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார் என்று இலவசமாகவே வரும். 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களையே பார்க்கலாம். மொபைல் ரீசார்ஜை விடக் குறைவு.

கடைசியாக என் வகுப்புத் தோழர்களுக்கு. இது உங்களுக்காகத்தான் எழுதியது.

இன்னும் சில மாதத்தில் கேம்பஸ் வரும். 'வெல்த் மேனேஜர்', 'வெல்த் அட்வைசர்' என்று நல்ல நல்ல பெயரில் வேலை வரும். முதல் வாரமே ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் 50 பேர் பெயரை எழுதச் சொல்வார்கள். அந்தத் தொழிலில் இதற்கு 'நேச்சுரல் மார்க்கெட்' என்று பெயர். சித்தி, பெரியப்பா, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் மார்க்கெட்டாம். தெரிந்துகொள்ளுங்கள்: மியூச்சுவல் ஃபண்டு மாதிரிப் பொருளை விற்றுக் கமிஷன் வாங்குகிறவர், செபியில் ஆலோசகராகப் பதிவு செய்யாமல், 'வெல்த் அட்வைசர்' என்று பெயர் போட்டுக்கொள்ளவே கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. ஆக, விசிட்டிங் கார்டில் உங்கள் பெயருக்குக் கீழே அச்சடிக்கும் முதல் சொல்லே பொய்யாக இருக்கலாம்.

ஆருத்ரா, ஹிஜாவு வழக்குகளில் போலீஸ் இயக்குநர்களை மட்டும் பிடிக்கவில்லை. ஏஜெண்டுகளையும் பிடித்தது. அதில் வேலை கிடைக்காமல் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். நம்மைப் போல ஒரு டிகிரி, ஒரு டை, ஒரு பைக்.

விற்பனை கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. முறையாகத் தேர்வு எழுதி, பதிவு வாங்கி, கமிஷன் இவ்வளவு என்று சொல்லி விற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். உண்மையிலேயே ஆலோசகர் ஆக வேண்டுமா, அதற்கும் வழி திறந்திருக்கிறது. 2024 டிசம்பரில் செபி அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டது. டிகிரி வேண்டும், என்.ஐ.எஸ்.எம். தேர்வு பாஸ் செய்ய வேண்டும், கொஞ்சம் டெபாசிட் கட்ட வேண்டும். இத்தனை பெரிய நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். விற்க அத்தனை பேர், யோசனை சொல்ல இத்தனூண்டு பேர். காலியிடம் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

எனவே இண்டர்வியூவில் கடைசியாக, "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்பார்களே, அப்போது சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். "சார், நான் கூட்டி வருகிற ஆளுக்குப் பணம் திரும்பாவிட்டால், தலைமைக் குழுவில் யார் அவர் வீட்டுக்கு வந்து பதில் சொல்வார்கள்?" என்று கேளுங்கள்.

வேலை கிடைக்காமல் போகலாம். உங்கள் மாமா வீட்டில் சாப்பாடு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

டிஸ்கி: கோட்டு போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. செமினாருக்கு நானும் அண்ணனுடையதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். திட்டுவதாக இருந்தால் பின்னூட்டத்தில் திட்டுங்கள், ஆனால் பதிவு எண்ணோடு வாருங்கள் :-)